தண்ணீருக்காக மனு எழுதிய குருவானவர்

ஆங்கில இலக்கியம் பயின்றவர்களுக்கு ‘ஜேன் ஏர்’, ‘வதரிங் ஹைட்ஸ்’ ஆகிய புதினங்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவற்றை எழுதிய சார்லட், எமிலி சகோதரிகளும், அவர்களுடைய தங்கை ஆனும் உலகப் புகழ் பெற்றவர்கள். அவர்களுடைய தந்தை பாட்ரிக் பிரான்டே அந்தப் புகழின் ஓரத்தில் நிற்கும் நிழலுருவமாகவே பெரும்பாலோர் நினைவில் இருக்கிறார். கடுகடுத்த முகம், கழுத்தை மூடிய வெள்ளைத் துணி, சட்டைப் பையில் கைத்துப்பாக்கி என்று ஒரு விசித்திரமான கிழவராக அவரைச் சித்திரித்துவிட்டார்கள்.

அந்தச் சித்திரம் முழுமையானதன்று. வட இங்கிலாந்தில் யார்க்ஷயர் மாவட்டத்தின் ஹாவர்த் என்ற மலையூரில் 41 ஆண்டுகள் குருவானவராக இருந்தவர் அவர். தம் மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் ஒருவர் மிச்சமில்லாமல் பறிகொடுத்தவர். எட்டே மாதங்களில் மூன்று பிள்ளைகளை இழந்த அதே ஆண்டில், தம் ஊருக்குத் தூய குடிநீரும் கழிவுநீர்க் கால்வாயும் வேண்டுமென்று லண்டன் அரசுக்கு மனு அனுப்பியவர். இந்தக் கடைசிச் செயலே அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல்.

பாட்ரிக் 1777 மார்ச் 17 அன்று அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பத்துப் பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். குடும்பப் பெயர் அப்போது பிரன்டி. இளமையிலேயே கைத்தொழில் பழகி, பதினாறு வயதளவில் சிறு பள்ளி ஒன்றைத் தொடங்கிக் கற்பிக்கலானார். உள்ளூர்க் குருவானவர் ஒருவர் அவருடைய கல்வி வேட்கையைக் கண்டு ஆதரித்தார். 1802-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் புனித ஜான் கல்லூரியில், கட்டணச் சலுகை பெறும் ஏழை மாணவராகச் சேர்ந்தார். பெயரின் எழுத்து ‘பிரான்டே’ என்று மாறியது அங்கேதான். 1806-இல் பட்டம் பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருப்பட்டத்துக்குள் நுழைந்தார்.

பல ஊர்களில் உதவிக்குருவாகப் பணியாற்றியபின் யார்க்ஷயரின் ஹார்ட்ஸ்ஹெட்டுக்கு வந்தார். 1812-இல் அப்பகுதி கொந்தளித்துக்கொண்டிருந்தது. இயந்திரங்களால் பிழைப்பை இழந்த தொழிலாளர்கள் இரவில் கூடி ஆலைகளைத் தாக்கினார்கள். குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியை வைத்துக்கொள்ளும் வழக்கம் பாட்ரிக்குக்கு அந்த நாள்களில்தான் ஏற்பட்டது. இரவில் நிரப்பிய துப்பாக்கியைக் காலையில் ஜன்னல் வழியே வெடித்துக் காலி செய்வார். பிற்காலத்தில் அவருடைய மூர்க்கத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்ட பழக்கத்தின் பின்னணி இவ்வளவே.

அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று மரியா பிரான்வெல் என்ற பெண்ணை மணந்தார். 1814-இலிருந்து 1820 ஜனவரி வரை ஆறு குழந்தைகள் பிறந்தன: மரியா, எலிசபெத், சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன். கடைசிக் குழந்தை கைக்குழந்தையாக இருந்தபோது, 1820 வசந்தத்தில், குடும்பம் ஹாவர்த்துக்குக் குடிபெயர்ந்தது.

ஹாவர்த் சபைக்குக் குருவாக வருவது எளிதன்று. சபைக்குரிய நிலத்தின் வருவாய் ஊரார் நியமித்த அறங்காவலர்கள் கையில் இருந்தது. அவர்கள் சம்மதியாத ஒருவரை மேலிடம் அனுப்பினால், பீடத்தில் ஏறவும் விடமாட்டார்கள். பாட்ரிக்குக்குச் சற்று முன்பு அவ்வாறு அனுப்பப்பட்ட ஒரு குருவானவரைச் சபையார் கலவரம் செய்து விரட்டியிருந்தார்கள். அப்படிப்பட்ட ஊர் பாட்ரிக்கை ஏற்றுக்கொண்டு கடைசிவரை வைத்துக்கொண்டது.

ஊரின் உச்சியில் கோயில். அதையடுத்துக் கல்லறைத் தோட்டம். அதற்கு மேலே குருமனை. குருமனையின் முன்பக்க ஜன்னலைத் திறந்தால் கல்லறைகள்தாம் கண்ணில் படும். பின்புறம் மரமற்ற மேட்டுநிலம் அடிவானம்வரை விரிந்து கிடக்கும். கோடையின் முடிவில் ஹெதர் என்ற குறுஞ்செடி பூத்து அந்த நிலம் முழுவதையும் ஊதா நிறமாக்கும். மற்ற மாதங்களில் காற்று, மழை, மூடுபனி. குளிர்காலம் நீண்டது. பாட்ரிக்கின் பொறுப்பில் இருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் இந்த மேடுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் சிதறி வாழ்ந்தார்கள். நோயாளியைப் பார்க்கவும் இறந்தவருக்காகச் செபிக்கவும் அவர் பல மைல் நடந்தே சென்றார்.

குடியேறி ஓராண்டு ஆவதற்குள் மனைவி மரியா படுக்கையில் விழுந்தார். ஏழரை மாத வேதனைக்குப் பிறகு 1821 செப்டம்பர் 15 அன்று இறந்தார். மூத்த மகளுக்கு வயது ஏழு; கடைசிக் குழந்தைக்கு இரண்டு நிறையவில்லை. மறுமணம் செய்ய பாட்ரிக் முயன்றார். கேட்ட பெண்கள் மறுத்துவிட்டார்கள். ஆறு குழந்தைகள், குறைந்த சம்பளம், குருவானவர் இறந்தால் காலி செய்ய வேண்டிய வீடு. இந்த நிலையில் வாழ்க்கைப்பட யார் முன்வருவார்கள்? இறந்த மனைவியின் அக்காள் எலிசபெத் பிரான்வெல், தம் தென்கோடி ஊரின் மிதமான வானிலையைத் துறந்து வந்து, 1842-இல் இறக்கும்வரை அந்தக் குளிர் வீட்டில் பிள்ளைகளை வளர்த்தார். அவர் விட்டுச்சென்ற சேமிப்பிலிருந்துதான் சகோதரிகள் தங்கள் முதல் கவிதை நூலைச் சொந்தச் செலவில் அச்சிட்டார்கள்.

சம்பளத்தில் ஆறு பிள்ளைகளுக்கும் கல்வி அளிக்க இயலாது. எனவே, ஏழைக் குருமார்களின் மகள்களுக்காகக் குறைந்த கட்டணத்தில் தொடங்கப்பட்ட கோவன் பிரிட்ஜ் விடுதிப் பள்ளிக்கு, 1824-இல் மூத்த பெண்கள் நால்வரையும் ஒருவர்பின் ஒருவராக அனுப்பினார்.

அந்த ஆண்டு செப்டம்பர் 2 அன்று ஹாவர்த்தில் ஒரு பேரிடர் நிகழ்ந்தது. கனமழையும் இடியும் சேர்ந்த மாலையில், ஊருக்கு மேலிருந்த சதுப்பு நிலம் வெடித்துப் பிளந்து, சேறும் பாறையும் பெருவெள்ளமாய் இறங்கின. பிரான்வெல், எமிலி, ஆன் மூவரும் வேலைக்காரப் பெண்களுடன் அப்போது மேட்டுநிலத்தில் உலாவப் போயிருந்தார்கள். பதறிப்போன தகப்பன் தேடிச் சென்று, ஒரு வீட்டு முகப்பில் ஒதுங்கி நின்ற குழந்தைகளைக் கண்டார். பத்து நாள் கழித்து அந்நிகழ்ச்சியையே பொருளாகக் கொண்டு பிரசங்கித்தார்.

சேற்று வெள்ளத்திலிருந்து பிள்ளைகள் தப்பினார்கள். பள்ளியின் குளிரிலிருந்தும் அரைவயிற்று உணவிலிருந்தும் தப்பவில்லை. மூத்தவள் மரியா காசநோயுடன் வீடு திரும்பி, 1825 மே 6 அன்று இறந்தாள். அந்த மாத இறுதியில் எலிசபெத்தும் நோயுடன் அனுப்பப்பட்டாள். அவளைக் கண்டவுடன் பாட்ரிக் தாமதிக்காமல் சென்று சார்லட்டையும் எமிலியையும் அழைத்து வந்துவிட்டார். ஜூன் 15 அன்று எலிசபெத் இறந்தாள். நல்லது என்று நம்பித் தாமே அனுப்பிய இடம் இரண்டு பெண்களைக் கொன்றுவிட்டது என்ற நினைவோடு ஒரு தகப்பன் எப்படி வாழ்ந்திருப்பார் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். பல ஆண்டுகளுக்குப் பின் ‘ஜேன் ஏர்’ புதினத்தில் சார்லட் அந்தப் பள்ளியை வேறு பெயரில் உலகுக்குக் காட்டினார்.

அதன்பின் வீடே பள்ளியாயிற்று. மகனுக்கு லத்தீனும் கிரேக்கமும் தாமே கற்பித்தார். பெண்பிள்ளைகளுக்கு இதை வாசிக்கலாம், அதை வாசிக்கக் கூடாது என்ற தடை அவ்வீட்டில் இருக்கவில்லை. செய்தித்தாள்களும் அரசியல் விவாதங்களும் உணவு மேசைக்கே வந்தன. ஒருமுறை, கூச்சமின்றிப் பேசட்டும் என்று பிள்ளைகளை ஒரு முகமூடிக்குப் பின்னே நிற்கவைத்து, ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டு, அவர்கள் கூறிய விடைகளை முதுமைவரை நினைவில் வைத்திருந்தார். 1826 ஜூனில் லீட்ஸ் நகரிலிருந்து மகனுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்களை வாங்கி வந்தார். நான்கு பிள்ளைகளும் அந்தச் சிப்பாய்களுக்குப் பெயரிட்டு, நாடுகளை உருவாக்கி, கைக்குள் அடங்கும் குட்டிப் புத்தகங்களில் அவற்றின் வரலாற்றை எழுதத் தொடங்கினார்கள். ஆங்கிலப் புதின வரலாற்றின் ஒரு பெரும் அத்தியாயம் அந்தப் பெட்டியிலிருந்துதான் தொடங்குகிறது.

வீட்டின் ஒழுங்கு எப்பருவத்திலும் மாறவில்லை. இரவில் குடும்ப செபம் முடிந்ததும் பாட்ரிக் கதவைத் தாழிடுவார். மாடிப்படியின் நடுவிலிருக்கும் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு உறங்கச் செல்வார். வெளியே சபையின் வாழ்வோ பருவத்துக்குப் பருவம் மாறியது. அவ்வூரில் பலருக்குக் கம்பளி சீவும் தொழில். அது வீட்டுக்குள்ளேயே நடந்தது. இரும்பு அடுப்பு இரவும் பகலும் எரிய, ஜன்னல்கள் மூடிக் கிடக்க, அதே அறையில் குடும்பமும் உறங்கியது. குளிர்காலத்தில் அந்த அறைகளில் நெஞ்சு நோய் பரவும். கோடையில் ஊற்றுகள் வறளும். திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள் என்பதால், அதிகாலை இரண்டு மணிக்கே ஏழைப் பெண்கள் கிணற்றடிக்குப் போய்க் காத்திருப்பார்கள். கிடைக்கும் தண்ணீரும் சில வேளைகளில் பச்சை நிறத்தில் நாறிக் கிடக்கும். மாடுகள்கூட முகம் திருப்பும். எல்லாப் பருவத்திலும் காய்ச்சல் வந்தது. எல்லாக் காய்ச்சலுக்கும் பிறகு குருவானவர் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றார்.

பாட்ரிக் பீடத்தோடு நின்றுவிடவில்லை. 1832-இல் குருமனைக்கு அருகிலேயே ஞாயிறு பள்ளிக்குக் கட்டடம் எழும்பியது. ஏழைகளுக்கான உதவியை நிறுத்தி, அவர்களைப் பணி இல்லங்களில் அடைக்க வழிசெய்த புதிய ஏழையர் சட்டத்தை எதிர்த்து, 1837-இல் ஹாவர்த்தில் நடந்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். அவர் அரசியலில் பழைமைவாதக் கட்சியின் ஆதரவாளர். எனினும், ஏழையின் வயிறு என்று வந்தபோது கட்சி அவரைக் கட்டுப்படுத்தவில்லை.

1842-இல் இளம் உதவிக்குரு வில்லியம் வெயிட்மன், நோயாளிகளைப் பார்க்கச் சென்ற இடத்தில் காலரா தொற்றி இறந்தார். மகனைப்போல் நேசித்த அவருக்காகப் பாட்ரிக்கே அடக்கப் பிரசங்கம் செய்தார். நோய் ஊரின் வீடுகளில் மட்டும் இல்லை, பணியாளரையும் விடாது என்பதை அந்தச் சாவு காட்டியது.

இதற்கிடையில் அவருடைய கண்பார்வை மங்கியது. 1846 ஆகஸ்டில் சார்லட் அவரை மான்செஸ்டருக்கு அழைத்துச் சென்றார். 69 வயதில், மயக்கமருந்து எதுவுமின்றி, கண்புரை அறுவை செய்துகொண்டார். அறுவைக்கு ஈதர் பயன்படும் என்று அமெரிக்காவில் பொதுவெளியில் காட்டப்பட்டது அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான். சிகிச்சை விவரங்களைப் பின்னர் தம் வீட்டு மருத்துவ நூலின் ஓரங்களில் குறித்துவைத்தார். கண்கள் கட்டப்பட்டு அவர் இருட்டறையில் படுத்திருந்த அந்த வாடகை வீட்டில்தான் சார்லட் ‘ஜேன் ஏர்’ எழுதத் தொடங்கினார். மறு ஆண்டு, 1847-இல், மூன்று மகள்களின் புதினங்களும் ஆண்பெயர்களில் வெளியாயின. தம் மகள் புகழ்பெற்ற எழுத்தாளர் என்பதை, நூல் வெளிவந்த பிறகே தகப்பன் அறிந்தார்.

மகிழ்ச்சி ஓராண்டு நீடித்தது. மகன் பிரான்வெல் குடியாலும் அபினாலும் சீரழிந்திருந்தான். இரவில் அவனுக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று தகப்பன் அவனைத் தம் அறையிலேயே படுக்கவைத்துக் காவல் இருந்தார். 1848 செப்டம்பர் 24 அன்று அவன் இறந்தான். டிசம்பர் 19 அன்று எமிலி. 1849 மே 28 அன்று, கடற்காற்று குணமளிக்கும் என்ற நம்பிக்கையில் ஸ்கார்பரோ சென்ற ஆன். மூவரையும் காசநோய் கொண்டுபோயிற்று என்பதே பொதுவான முடிவு. இலையுதிர் காலத்தில் ஒருவர், குளிர்காலத்தில் ஒருவர், வசந்தத்தில் ஒருவர்.

அந்த 1849-ஆம் ஆண்டில்தான் ஹாவர்த்திலிருந்து லண்டனிலுள்ள பொதுச் சுகாதார வாரியத்துக்கு மனு சென்றது. வரி செலுத்துவோரில் பத்தில் ஒரு பங்கினர் கேட்டால் ஆய்வாளர் வந்து ஊரைச் சோதிக்க வேண்டும் என்று அதற்கு முந்தைய ஆண்டின் சட்டம் வகைசெய்திருந்தது. 72 வயதுக் குருவானவர் அதற்கான கையொப்பங்களைத் திரட்டுவதில் முன்னின்றார்.

1850 ஏப்ரலில் பெஞ்சமின் ஹெர்ஷல் பாபேஜ் ஆய்வுக்கு வந்தார். கணிப்பொறியின் முன்னோடியாகக் கருதப்படும் சார்லஸ் பாபேஜின் மகன் அவர். அவருடைய அறிக்கை ஹாவர்த்தை எண்களாக்கிக் காட்டியது. ஊரில் இறந்தோரின் சராசரி வயது 25.8. பிறந்த குழந்தைகளில் 41.6 விழுக்காட்டினர் ஆறு வயது நிறையுமுன் இறந்தனர். கழிவுநீர்க் கால்வாய் இல்லை. பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பிடம். வீட்டுச் சுவரை ஒட்டிச் சாணக்குவியல்கள். பத்தாண்டுகளில் அந்தச் சிறு கல்லறைத் தோட்டத்தில் 1,344 உடல்கள் புதைக்கப்பட்டிருந்தன. தட்டையான கற்பலகைகள் மண்ணை மூடியிருந்ததால் புல்லோ செடியோ முளைக்க வழியில்லை. அத்தோட்டத்தை மூடவும், குழாய் வழியே நல்ல நீர் கொண்டுவரவும், கழிவுநீர்க் கால்வாய் அமைக்கவும் பாபேஜ் பரிந்துரைத்தார்.

தூய நீரால் பாட்ரிக்கின் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்று கூறிவிட முடியாது. காசநோய்க்கு அக்காலத்தில் மருந்து இல்லை. அவருக்கு அது தெரியாததும் அன்று. இருந்தும், தம் வீட்டுச் சாவை இறைவனின் சித்தம் என்று தலைவணங்கி ஏற்ற அந்த மனிதர், ஊராரின் சாவை அப்படி ஏற்க மறுத்தார். தவிர்க்கக்கூடிய மரணத்துக்கு ஆறுதல் சொல்வதோடு குருவானவரின் கடமை முடிந்துவிடாது என்று அவர் கருதியதை அவருடைய செயல் உணர்த்துகிறது.

அறிக்கை வந்தவுடன் தண்ணீர் வந்துவிடவில்லை. சொந்தக் கிணறு வைத்திருந்த வசதியானவர்கள், அடுத்தவர் தண்ணீருக்குத் தாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்று எதிர்த்து எழுதினார்கள். கோப்பு லண்டனில் தூங்கியது. பாட்ரிக் மீண்டும் மீண்டும் நினைவூட்டிக் கடிதம் எழுதினார். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில்தான் நீர்த்தேக்கமும் பிற ஏற்பாடுகளும் நிறைவேறத் தொடங்கின. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கும் ஒரு கையொப்பத்துக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் கிடக்கின்றன என்பது நம் ஊர்களுக்கும் புதிய செய்தியன்று.

அவர் குறையற்ற மனிதரும் அல்லர். எஞ்சியிருந்த ஒரே மகளான சார்லட்டை உதவிக்குரு ஆர்தர் பெல் நிக்கல்ஸ் 1852 டிசம்பரில் மணக்கக் கேட்டபோது, கடுஞ்சினம் கொண்டு அவரை ஊரைவிட்டே போகச்செய்தார். மகளின் பலவீனமான உடல் பற்றிய அச்சம், தனிமை பற்றிய அச்சம், புகழ்பெற்ற மகளுக்கு ஏழை உதவிக்குரு தகுதியானவரா என்ற செருக்கு ஆகிய மூன்றும் அந்தக் கோபத்தில் கலந்திருந்தன. கடைசியில் இணங்கினார். ஆனாலும், 1854 ஜூன் 29 அன்று நடந்த திருமணத்துக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். மகளின் பழைய ஆசிரியையே அவரைக் கைப்பிடித்து ஒப்புக்கொடுத்தார். ஒன்பது மாதத்தில், 1855 மார்ச் 31 அன்று, கருவுற்றிருந்த சார்லட் 38 வயதில் இறந்தார். தாம் விரட்டிய அதே மருமகனோடு ஒரே கூரையின்கீழ் பாட்ரிக் எஞ்சிய ஆறு ஆண்டுகளைக் கழித்தார். நிக்கல்ஸ் அவரை விட்டுப் போகாமல் சபைப் பணியையும் முதியவரையும் தாங்கினார்.

மகளின் வாழ்க்கை வரலாற்றை எழுதும்படி எலிசபெத் காஸ்கெலைக் கேட்டுக்கொண்டவர் பாட்ரிக்தான். 1857-இல் வெளியான அந்நூல், வேலையிழந்த ஒரு பணிப்பெண்ணின் வம்புப் பேச்சை நம்பி, பிள்ளைகளின் காலணிகளை எரித்த, மனைவியின் பட்டாடையைக் கத்தரித்த கொடியவராக அவரையே காட்டியது. அக்குடும்பத்தில் நீண்ட நாள் பணிசெய்த பெண்கள் அதை மறுத்தார்கள். பாட்ரிக் பொய்களைத் திருத்தும்படி அமைதியாகக் கேட்டார். நூலைப் பாராட்டவும் செய்தார். பிற்பதிப்பில் சில பகுதிகள் நீக்கப்பட்டன. அதற்குள் அந்த உருவம் உலகின் மனத்தில் பதிந்துவிட்டது.

1861 ஜூன் 7 அன்று, 84-ஆம் வயதில், பாட்ரிக் பிரான்டே காலமானார். அடக்க நாளில் ஹாவர்த்தின் கடைகள் மூடப்பட்டன, ஊர் திரண்டது. ஸ்கார்பரோவில் அடக்கமான ஆனைத் தவிர, குடும்பத்தார் அனைவரும் துயிலும் கோயில் நிலவறையில் அவர் சேர்க்கப்பட்டார். நிக்கல்ஸைக் குருவாக நியமிக்க அறங்காவலர்கள் மறுத்துவிட, அவர் குருமனையைக் காலி செய்து அயர்லாந்து திரும்பினார். பாட்ரிக் வாழ்நாள் முழுவதும் அஞ்சியதுபோல, அந்த வீடு வேறொருவருடையதாயிற்று.

பிள்ளைகளின் புத்தகங்கள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. தகப்பன் எழுதிய கவிதை நூல்களை இன்று எவரும் தேடுவதில்லை. சுகாதார வாரியத்துக்கு அவர் அனுப்பிய மனுவையும் நினைவூட்டுக் கடிதங்களையும் இலக்கியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தத் தாள்களால், பிறந்த குழந்தையின் ஆறாவது பிறந்தநாளைக் காணும் வாய்ப்பு ஓர் ஊருக்குக் கூடியது. ஒரு குருவானவரின் வரலாற்றில் அதை முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.